விளக்கு அணைந்த பிறகு விழும் வில்லை: 3 அடித் தொட்டியில் நத்தைப் பெருக்கம்

இங்கே ஆய்வுக்கு எடுத்திருக்கும் தொட்டி ஏதோ ஒரு குறிப்பிட்ட வீட்டுத் தொட்டி அல்ல. சென்னை வீடுகளில் "தொட்டி பூரா நத்தை, என்ன மருந்து ஊற்றலாம்?" என்று கேள்வி வரும்போது பெரும்பாலும் கண்ணில் படும் நிலைமையை ஒரே தொட்டியாகத் திரட்டி வைத்திருக்கிறோம். கணக்குகள் எல்லாம் அந்தத் தொட்டிக்குப் போட்டவை. உங்கள் தொட்டியின் அளவை வைத்து மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

தொட்டி

90 செ.மீ. நீளம், 30 அகலம், 38 உயரம். கடையில் 3 அடித் தொட்டி, 100 லிட்டர் என்று சொல்லி விற்பார்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் அவ்வளவு வராது. மேலே 4 செ.மீ. காலியாக விட்டு, அடியில் 5 செ.மீ. கிராவல் போட்டால், கல் இடுக்கில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து 84 லிட்டர்தான். மருந்துக் கணக்கில் இந்த 16 லிட்டர் வித்தியாசம் பெரிய விஷயம்.

உள்ளே 8 கப்பி, 4 மோலி, 6 பிளாக் விடோ டெட்ரா, 10 செ.மீ. அளவில் ஒரு சக்கர் (வாயால் ஒட்டிக்கொண்டு மேயும் அடித்தள மீன்). ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு சின்ன பவர் ஃபில்டர். 5 மி.மீ. கறுப்பு கிராவல். வாலிஸ்னேரியா, ஒரு அமேசான் ஸ்வோர்ட், கட்டையில் கட்டிய அனுபியாஸ். போர் தண்ணீர், pH 8 பக்கம், கடினத்தன்மை அதிகம். ஹீட்டர் இல்லாமலே வெப்பம் 28 டிகிரி.

நத்தைக்கு இதைவிட நல்ல இடம் வேறு கிடையாது. ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து தண்ணீரிலேயே கரைந்திருக்கிறது, முட்டை சீக்கிரம் பொரிக்கும் சூடும் இருக்கிறது. இவை இரண்டையும் நம்மால் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். மோலிக்கு இந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். மிச்சமிருக்கும் மூன்றாவது காரணம் சாப்பாடு. கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான் போகும்.

எந்த நத்தை என்று முதலில் பார்க்க வேண்டும்

இந்தத் தொட்டியில் மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

கண்ணாடியில் பகலிலேயே ஊர்வது பிளாடர் நத்தை, அறிவியல் பெயர் பைசெல்லா அக்கூட்டா. பூர்வீகம் வட அமெரிக்கா, இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அடையாளம் காண ஒன்றைக் கையில் எடுத்து, கூர்முனை மேலேயும் வாய்ப்பக்கம் நம்மை நோக்கியும் இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். வாய் இடப்பக்கம் திறந்திருந்தால் பிளாடர். வலப்பக்கம் திறந்திருந்தால் அது லிம்னேயா குடும்பத்துக் குளத்து நத்தை. கொம்பையும் பார்க்கலாம்: பிளாடருக்கு நூல் மாதிரி மெல்லிய கொம்பு, லிம்னேயாவுக்கு முக்கோணமாகத் தட்டையான கொம்பு. இது வெறும் பெயர்ப் பொருத்தம் பார்க்கும் வேலை இல்லை. லிம்னேயா வகைகளில் சில நல்ல இலையையே கடித்துத் தின்னும். பிளாடர் அழுகிய இலையையும் பாசியையும்தான் மேயும். வாலிஸ்னேரியாவிலோ ஸ்வோர்டிலோ ஓட்டை விழுந்தால் எல்லோரும் நத்தையைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பழைய இலைகளில் மட்டும் ஊசிக்குத்து போல ஓட்டை விழுந்து, ஓரம் மஞ்சளடித்தால் பெரும்பாலும் அது பொட்டாசியக் குறை. செத்துப்போன திசுவை நத்தை பிறகு வந்து சுத்தம் செய்கிறது.

இரண்டாவது ராம்ஸ்ஹார்ன். ஜிலேபி சுற்றியது போல ஒரே தளத்தில் சுருண்ட ஓடு. இதன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டு. உடலில் கறுப்பு நிறமி இல்லாத ரகங்கள் சிவப்பாகத் தெரிவது அதனால்தான். நம் ஊர்க் குளங்களில் கிடைக்கும் இண்டோபிளானார்பிஸ் எக்ஸுஸ்டஸும் இந்தக் கூட்டம்தான். குளத்திலிருந்து நேராகப் பிடித்து வந்த நத்தையில் கால்நடையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சு இருக்கலாம். அது மனிதத் தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். குளத்துச் செடியைத் தொட்டியில் போடக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூன்றாவது, பகலில் கண்ணில் படாத ட்ரம்பெட் நத்தை, மெலனாய்டஸ் டியூபர்குலாட்டா. நீளமாகக் கூம்பு வடிவம், கிராவலுக்குள் புதைந்து கிடக்கும், இரவில் வெளியே வரும். முட்டை போடாது, குட்டி போடும். ஆண் தேவையில்லை, ஒரு பெண் நத்தையே போதும். வாயை மூடிக்கொள்ள ஒரு மூடியும் வைத்திருக்கிறது. அதனால் மருந்து, வறட்சி எதையும் சில நாட்கள் தாங்கும்.

பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் இருபால் நத்தைகள். துணை கிடைக்காவிட்டால் தனக்குத்தானே கருவுற்றும் முட்டை போடும். "ஒரே ஒரு நத்தைதான் வந்தது, எப்படி இவ்வளவு ஆச்சு?" என்பதற்கு விடை இதுதான். பிளாடரின் முட்டை நிறமில்லாத ஜெல்லிக் கட்டி, உள்ளே சில பத்து புள்ளிகள். ராம்ஸ்ஹார்னுடையது தட்டையான வட்டம், லேசாகப் பழுப்பு. 28 டிகிரியில் சுமார் ஒரு வாரத்தில் பொரித்துவிடும், குஞ்சு ஒரு சில வாரங்களில் தானும் முட்டையிடும். ஆக எந்த வேலையும் ஒரு வாரத்தோடு முடியாது. இரண்டு தலைமுறை கடக்கும் அளவுக்கு, குறைந்தது 8 வாரமாவது, விடாமல் செய்ய வேண்டும்.

எப்படி வந்தது

செடியோடு. ஸ்வோர்டு வாங்கும்போது வேரைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் அதற்குள் கம்பளி போன்ற பஞ்சும் இருந்திருக்கும். அப்படியே நட்டுவிட்டார்கள். பஞ்சுக்குள் ட்ரம்பெட் குஞ்சு, இலை அடியில் ஜெல்லி. இதைத் தவிர, மீனை வாங்கிவந்த கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதும், ஈர வலையை இன்னொரு தொட்டியிலிருந்து கொண்டுவருவதும் உண்டு. கொளத்தூர் போன்ற வண்ணமீன் கடை வரிசைகளில் ஒரே செடித் தொட்டியிலிருந்து நாள் முழுக்கப் பலருக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். அங்கே நத்தை இல்லாத தொட்டியைத் தேடுவது வீண் வேலை. நத்தை வரும் என்று வைத்துக்கொண்டே நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஏன் பெருகியது: ஒரு இரவுப் பார்வை

இந்த மாதிரித் தொட்டிக்குப் பகலில் போய் நின்றால் ஒன்றும் புரியாது. இரவு 11 மணிக்கு, அறை விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சோடு பார்க்க வேண்டும். சக்கருக்கென்று போட்ட இரண்டு தீனி வில்லைகள் கிராவலில் கிடக்கும். சக்கர் ஃபில்டர் பின்னால் ஒட்டிக்கொண்டு நகராமல் இருக்கும். வில்லையே கண்ணுக்குத் தெரியாது. ட்ரம்பெட் நத்தைகள் முள்ளம்பன்றி மாதிரி அதை மூடி மொய்த்திருக்கும், கூர்முனைகள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு. பக்கத்துக் கிராவல் லேசாக அசைந்துகொண்டே இருக்கும், இன்னும் வருகிறவை. காலையில் பார்த்தால் வில்லை இருக்காது. "சக்கர் சாப்பிட்டுவிட்டது" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள், அடுத்த இரவும் இரண்டு வில்லை போடுவார்கள்.

கணக்குப் போடலாம். இந்த மீன்கள் அனைத்தின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிராம். வளர்ந்த மீனுக்கு ஒரு நாளுக்கு உடல் எடையில் 2 சதவீதம் சாப்பாடு தாராளம், அதாவது 0.7 கிராம். மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகைத் தீனி சுமார் 0.4 கிராம். காலை ஒன்று, மாலை ஒன்று, பள்ளி விட்டு வந்ததும் குழந்தை போடும் ஒன்று, ஆக 1.2. இரவு அரை கிராம் வில்லை இரண்டு, 1.0. மொத்தம் 2.2 கிராம். தேவையைப் போல மூன்று மடங்கு. மீதி ஒன்றரை கிராம் எங்கே போகிறது என்றால், நத்தை ஓடாகவும் நத்தைச் சதையாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு வகையில் நத்தைகள் உதவிதான் செய்திருக்கின்றன: அவை இல்லாமலிருந்தால் அந்தத் தீனி அழுகித் தண்ணீர் எப்போதோ கெட்டிருக்கும்.

சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே சரியாகக் காட்டாது. பத்து சிட்டிகை எடுத்து ஒன்றாக எடை போட்டு, பத்தால் வகுத்தால் உங்கள் விரலின் சிட்டிகை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

மயில் துத்தம் ஊற்றினால் என்ன ஆகிறது

இந்த நிலைமையில் பலரும் முதலில் செய்வது இதைத்தான், அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நத்தை மருந்து என்று கடையில் கிடைக்கும் நீலத் திரவங்கள் பலவும் செம்பு உப்பு. சிலர் நேராக மயில் துத்தத்தையே (காப்பர் சல்பேட்) வாங்கிவந்து கரைக்கிறார்கள்.

செம்பு நத்தையைக் கொல்லும், சந்தேகமில்லை. சிக்கல் அளவில் இருக்கிறது. மயில் துத்தப் படிகத்தில் கால் பங்குதான் செம்பு, மிச்சம் சல்பேட்டும் தண்ணீரும். 84 லிட்டரில் லிட்டருக்கு 0.2 மி.கி. செம்பு வேண்டுமென்றால் 17 மி.கி. செம்பு, அதாவது 66 மி.கி. துத்தம். கையில் வைத்தால் சில மணிகள். வீட்டில் யாரும் மில்லிகிராம் நிறுப்பதில்லை. கால் டீஸ்பூன் போடுவார்கள். கால் டீஸ்பூன் ஒன்றரை கிராம் வரும், அது லிட்டருக்கு 4.5 மி.கி. செம்பு. வேண்டியதைப் போல இருபது மடங்குக்கு மேல்.

அப்படிப் போட்டும் சில தொட்டிகளில் மீன் உடனே சாகாததற்குக் காரணம் நம் கடினத் தண்ணீர். செம்பு கார்பனேட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடுகிறது. "ஒண்ணும் ஆகலையே" என்று மறுநாள் இன்னொரு கால் டீஸ்பூன் விழும். படிந்த செம்பு கிராவலிலும் ஸ்பாஞ்சிலும் கட்டையிலும் காத்திருக்கிறது. பின்னால் எப்போதாவது pH இறங்கினால் திரும்பக் கரைகிறது. அந்தத் தொட்டியில் இறால் விட்டால் வாழாது, நல்ல நத்தையும் வாழாது. இதைச் சரிசெய்ய கிராவலையே மாற்ற வேண்டியிருக்கும்.

மருந்து நன்றாக வேலை செய்தாலும் இன்னொரு ஆபத்து உண்டு. நூற்றுக்கணக்கில் நத்தை ஒரே இரவில் செத்தால், ட்ரம்பெட் எல்லாம் கிராவலுக்குள்ளேயே சாகும், கையால் பொறுக்க முடியாது. சதை அழுகி அம்மோனியா ஏறும். pH 8, 28 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் சுமார் 6.5 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும். pH 7 ஆக இருந்தால் 0.7 சதவீதம்தான். அதாவது சோதனைக் குழாயில் ஒரே நிறம் தெரிந்தாலும் நம் தண்ணீரில் அது ஒன்பது மடங்கு கொடியது. டெஸ்ட் கிட் 2 மி.கி. காட்டினால் அதில் 0.13 மி.கி. நேரடி விஷம், மீன் செவுளைச் சுடுவதற்கு அது தாராளம். மூன்றாம் நாள் கப்பி மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது "மருந்து மீனுக்கும் பட்டுவிட்டது" என்பார்கள். பாதி உண்மை, மீதி, செத்த நத்தை.

ஏற்கெனவே துத்தம் போட்டுவிட்டவர்கள் செய்ய வேண்டியது: அன்றே பாதித் தண்ணீர் மாற்றி, மறுநாளும் பாதி மாற்றி, ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து, அடிக் கிராவலைச் சைபன் போட்டு உறிஞ்சி எடுப்பது. மீனுக்கு மூன்று நாள் தீனி நிறுத்தம்.

பாக்குச் சாற்றிலிருந்து செய்த பொடிகளும், நாய்க்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் குடற்புழு மாத்திரையும் பிளனேரியா என்ற தட்டைப் புழுவை ஒழிக்கப் பயன்படுகின்றன. அவை சில நத்தைகளையும் கொல்லும். ஆனால் எந்த நத்தை சாகும், எது பிழைக்கும் என்பது சீராக இல்லை, செத்ததின் அழுகல் பிரச்சினையும் அதேதான். உப்பைப் பற்றிக் கேட்பார்கள். டெட்ராவும் வாலிஸ்னேரியாவும் தாங்கும் அளவு உப்பு நத்தையை ஒன்றும் செய்யாது.

செய்த வேலை

முதல் நாள் இரவே வில்லை நின்றது. சக்கருக்கு வாரம் இரண்டு இரவு மட்டும் தடித்த வெள்ளரிக்காய்த் துண்டு, ஒரு முள்கரண்டியில் குத்தி அடியில் நிற்கும்படி. இதுதான் இந்த ஆய்வில் நமக்குப் பிடித்த ஏற்பாடு: சக்கருக்குச் சாப்பாடும் நத்தைக்குப் பொறியும் ஒன்றே. காலையில் விளக்கு போடும் முன் முள்கரண்டியை மெதுவாகத் தூக்கினால், ஒட்டியிருக்கும் நத்தைகளோடு வந்துவிடும். கீழே ஒரு வலையை ஏந்திப் பிடிக்காவிட்டால் பாதி உதிர்ந்து கிராவலுக்குள் போய்விடும்.

வெள்ளரி இல்லாத இரவுகளில் கோஸ் இலை. வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் மிதக்காது, மணமும் சீக்கிரம் பரவும். ஒரு கூழாங்கல்லில் நூலால் கட்டி இறக்கினால் போதும். ஜாடியில் ஓட்டை போட்டுப் பொறி செய்யச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. கப்பிக் குஞ்சு உள்ள தொட்டியில் அது வேண்டாம். குஞ்சு உள்ளே போய் வெளியே வர வழி தெரியாமல் செத்துக் கிடக்கும். இலையைக் காலையில் எடுக்க மறந்தால் அதுவே நத்தைக்கு விருந்து. மறப்பவர்கள் கைபேசியில் அலாரம் வைத்துக்கொள்ளட்டும்.

மீன் தீனி காலை ஒரு வேளை, ஒரு சிட்டிகை. இரண்டு தவணையாக: பாதியைப் போட்டு, மேலேயே காலியானதும் மீதி. ஒரு தீனி மணி கூட கிராவலைத் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பட்டினி. குழந்தை கேட்கும் என்றால் அந்தக் காலைச் சிட்டிகையையே குழந்தை கையால் போடச் சொல்லலாம். தீனி டப்பா மட்டும் எட்டாத இடத்தில். முதல் வாரம் மீன்கள் ஆளைக் கண்டால் கண்ணாடியில் வந்து முட்டும். அது பசி இல்லை, பழக்கம். வீட்டில் இரக்கப்பட்டு யாராவது போட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான்.

கிராவல். 5 செ.மீ. ஆழம் இந்தத் தொட்டிக்கு அதிகம். செடி இல்லாத முன்பக்கம் மூன்று சென்டிமீட்டராகக் குறைக்கப்பட்டது. எடுத்த கல்லை மொட்டைமாடியில் பாலிதீன் விரிப்பில் ஒரு விரற்கடை கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி நான்கு நாள் வெயில். குவியலாகப் போட்டால் நடுவில் ஈரம் நிற்கும், மூடி போட்ட ட்ரம்பெட் உயிரோடு இருக்கும். வாரா வாரம் 21 லிட்டர், சுமாராக ஒன்றரை பக்கெட் தண்ணீர் மாற்றும்போது, அந்தத் தண்ணீர் முழுவதும் கிராவலுக்குள் சைபன் குழாயை நட்டு உறிஞ்சி எடுப்பதாக இருக்க வேண்டும். ஒரு வாரம் இடப்பக்கம், அடுத்து நடு, அடுத்து வலம். முழுவதையும் ஒரே நாளில் கிளறினால் நல்ல பாக்டீரியாவும் அடிபடும், தண்ணீர் கலங்கும். சைபன் தண்ணீரை ஒரு மெல்லிய துணியில் வடிகட்டினால் எத்தனை வந்தன என்று தெரியும்.

அடியில் பிளேட் வைத்த அண்டர் கிராவல் ஃபில்டர் இருந்தால் இந்த முறை பாதிதான் வேலை செய்யும். பிளேட்டுக்குக் கீழே நத்தைக் காப்பகமே நடக்கும், சைபன் அங்கே எட்டாது.

ஃபில்டர்கள். ஸ்பாஞ்சை எடுத்து, தொட்டியிலிருந்து எடுத்த பக்கெட் தண்ணீரிலேயே பிழிய வேண்டும், குழாயடியில் அல்ல. பக்கெட் அடியில் மிளகளவு, கடுகளவு நத்தைகள் தங்கும். பவர் ஃபில்டர் "கிர்" என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தால் மோட்டார் போய்விட்டது என்று புதிது வாங்கிவிடாதீர்கள். இம்பெல்லரை (உள்ளே சுழலும் காந்த விசிறி) கழற்றினால் காந்தத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ட்ரம்பெட் ஓடு சிக்கியிருக்கும். உறிஞ்சும் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சொருகினால் மறுபடி வராது.

ஜெல்லி முட்டைகளைப் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டலாம். சுரண்டி அப்படியே தண்ணீரில் விட்டால் பயனில்லை, மிதந்து போய் வேறு இடத்தில் ஒட்டிப் பொரிக்கும். ஒரு கையில் அட்டை, மறு கையில் ஏர் ட்யூப் சைபன். சுரண்டச் சுரண்ட உறிஞ்ச வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள்: நீர்மட்டக் கோடு, மூலைச் சிலிக்கான், பவர் ஃபில்டரின் பின்முதுகு, அனுபியாஸ் இலையின் அடிப்பக்கம்.

கண்ணாடியில் ஊரும் பிளாடரை விரலால் நசுக்கினால் மோலியும் டெட்ராவும் ஓடிவந்து சதையைத் தின்னும், நல்ல தீனி. ஒரு நாளைக்கு ஐந்தாறு போதும், அன்றைய சிட்டிகையை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். ட்ரம்பெட்டை மட்டும் தொட்டிக்குள் நசுக்காதீர்கள். தலைக்குப் பின்னால் குட்டிப் பை இருக்கிறது. உள்ளே ஓடு கட்டிய குட்டிகள் காத்திருக்கும், தாய் நசுங்கினாலும் அவற்றில் சில தப்பிவிடும்.

எண்ணுவது எப்படி

எண்ணாமல் செய்தால் மூன்றாவது வாரம் மனம் விட்டுவிடும். முன் கண்ணாடியில் வெளிப்பக்கம் மார்க்கரால் 20 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, ஞாயிறு இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து அதற்குள் இருக்கும் நத்தைகளை வகை பிரித்து எண்ணி எழுதி வைக்க வேண்டும். எப்போதும் அதே நேரம், அதே சதுரம். தொட்டியின் மொத்த எண்ணிக்கை இதனால் தெரியாது, தேவையும் இல்லை. ஏறுகிறதா இறங்குகிறதா என்பது போதும்.

வழக்கமாக நடப்பது இது. முதல் வாரம் எண்ணிக்கை கூடும். தீனி கிடைக்காததால் ஒளிந்திருந்தவை தேடிக்கொண்டு வெளியே வருகின்றன. இங்கேதான் பலர் "இது சரிப்படாது" என்று மருந்துக்குப் போகிறார்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் பெரியவை குறைந்து கடுகு அளவுக் குஞ்சுகள் தெரியும், முன்பே போட்ட முட்டைகள். நான்காம் வாரத்துக்குமேல் புதிய ஜெல்லி அரிதாகும். கடைசியாகக் குறைவது ட்ரம்பெட். கிராவலில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கசடு தீரும்வரை அது தாக்குப்பிடிக்கும்.

நத்தை தின்னும் மீன் வாங்கலாமா

கடைக்காரர் முதலில் காட்டுவது க்ளவுன் லோச். சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன். கடையில் விரல் நீளம், வளர்ந்தால் ஓர் அடியைத் தொடும், கூட்டமாக வாழும். 84 லிட்டருக்கு அதை விடுவது மீனுக்குச் செய்யும் கொடுமை. யோயோ லோச் வடஇந்திய ஆறுகளின் மீன், குறைந்தது ஐந்து இருந்தால்தான் ஒழுங்காக இருக்கும், ஒவ்வொன்றும் அரையடிக்குப் பக்கமாக வளரும். இந்தத் தொட்டிக்கு அதுவும் பெரிது.

சின்னதாக ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு: கேரளத்து ஆறுகளின் பட்டாணிப் பஃபர். 1941ல் மீன் ஆய்வாளர்கள் ஹோரா, நாயர் இருவரும் பம்பை ஆற்றிலிருந்து கிடைத்ததை வைத்து இதற்கு அறிவியல் விவரிப்பு எழுதினார்கள். ஒரு அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நத்தையைக் கண்டால் ஹெலிகாப்டர் மாதிரி ஒரே இடத்தில் நின்று, ஒரு கண்ணால் பார்த்து, தலையை ஒரே கொத்தில் பிடுங்கும். ஆனால் கப்பியின் வாலையும் அதே கொத்து கொத்தும். கப்பியும் மோலியும் உள்ள தொட்டியில் இது கூடாது. காட்டு இருப்பு குறைந்துவரும் மீன் என்பதால், ஒரு வேலைக்கு வாங்கிவந்து பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பதும் சரியில்லை. தனித் தொட்டி வைத்திருப்பவர்கள் இங்கே பிடிக்கும் நத்தையை அதற்குக் கொண்டுபோய்ப் போடலாம்.

சக்கர் நத்தையைத் தின்னும் என்பது கட்டுக்கதை. அது கழிவைத்தான் கூட்டும். இதுவும் ஓர் அடிக்கு மேல் வளரும் மீன். 3 அடித் தொட்டியில் இதற்கும் எதிர்காலம் இல்லை என்பதை வீட்டுக்காரர்களிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இந்தத் தொட்டிக்குப் பொருந்துவது அசாசின் நத்தை. மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட, தென்கிழக்கு ஆசிய நத்தை. மற்ற நத்தைகளைத் தின்னும், செடியைத் தொடாது. ஆண் பெண் தனித்தனி, ஒரு கூட்டில் ஒரே முட்டை, அதனால் மெதுவாகத்தான் பெருகும். ஐந்து போதும். விடும் நேரம் முக்கியம்: தீனியைக் குறைத்து நான்கு வாரம் ஆன பிறகு. தீனி கொட்டிக் கிடக்கும்போது விட்டால் இவையும் அதையே தின்றுவிட்டு வேட்டைக்குப் போகாது. 5 மி.மீ. கிராவலில் புதைய இவற்றுக்குச் சிரமம். முன் மூலையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய மணல் போட்டால் அங்கே தங்கும். முன்பு செம்பு மருந்து போட்ட தொட்டி என்றால் ஒன்றை மட்டும் முதலில் விட்டு ஒரு வாரம் பார்க்க வேண்டும். அழகுக்கு நெரைட் நத்தை வைத்திருந்தால் அசாசின் வேண்டாம், அதையும் விடாது.

எல்லாவற்றையும் காலி செய்து புதிதாகத் தொடங்கினால்?

கேட்பார்கள். கிராவலைக் கொதிக்க வைத்து, செடியைத் தூக்கி எறிந்து, கண்ணாடியை வினிகரால் துடைத்து, ஒரு ஞாயிறு முழுக்கப் போகும். ஸ்பாஞ்சை வைத்துக்கொண்டால் அதிலேயே நத்தைக் குஞ்சு திரும்பி வரும். தூக்கிப்போட்டால் பாக்டீரியா இல்லாத புதுத் தொட்டியில் 18 மீனும் ஒரு சக்கரும் அம்மோனியாவில் தத்தளிக்கும். அடுத்து வாங்கும் முதல் செடியில் நத்தை வந்தே தீரும். நாங்கள் இதைச் செய்யச் சொல்வதில்லை.

புதுச் செடி வரும்போது

செடியோடு வரும் பிளாஸ்டிக் தொட்டியும் பஞ்சும் குப்பைக்கு. வேரை ஓடும் தண்ணீரில் அலசி, பழைய இலையைக் கிள்ளிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஜெல்லியை விரலால் வழித்துவிட வேண்டும். பிறகு முக்கி எடுப்பது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஸ்வோர்டு போன்ற கெட்டி இலைக்கு 950 மி.லி. தண்ணீரில் 50 மி.லி. மணமூட்டாத திரவ ப்ளீச், இரண்டு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. உடனே நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஆன்ட்டி குளோரின் வழக்கமான அளவைப் போல மூன்று நான்கு மடங்கு கலந்த தண்ணீரில் பத்து நிமிடம். ப்ளீச் வாடை துளி இருந்தாலும் தொட்டிக்குள் போகக்கூடாது. ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். டப்பா திறந்த நாளிலிருந்து வீரியம் இறங்கிக்கொண்டே வருவதால் கணக்கு நிற்காது.

வாலிஸ்னேரியாவும் மாஸும் ப்ளீச்சில் கரைந்துவிடும். அவற்றுக்குப் படிகாரம்: நாட்டு மருந்துக் கடையில் வாங்கிப் பொடித்து, லிட்டருக்கு 10 கிராம், ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு அலச வேண்டும். நத்தை போகும், முட்டை எல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் எந்த முறையானாலும் அடுத்து மூன்று நான்கு வாரம் ஜன்னலோரம் ஒரு பக்கெட்டில் செடியைத் தனியாக வைத்து, வாரம் ஒருமுறை ஒரு துண்டு கோஸ் இலை போட்டு, ஏதாவது வந்து ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பலருக்கும் பிடித்த முறை. பாசிக்கும் கிருமிக்கும் சரி, நத்தை முட்டைக்கு அதை நம்ப வேண்டாம்.

பிடித்ததை எங்கே போடுவது

கழிவறையில் ஊற்றுவதும், பக்கத்துக் குளத்தில் விடுவதும் கூடாது. பிளாடர் உலகம் சுற்றி வந்த பயணமே இப்படித்தான். கவரில் கட்டி ஃபிரீசரில் இரண்டு நாள் வைத்து, பிறகு குப்பையிலோ செடித் தொட்டி மண்ணிலோ புதைக்கலாம். வீட்டில் ஃபிரீசருக்கு எதிர்ப்பு என்றால் கொதிக்கும் தண்ணீர். எதைச் செய்தாலும் பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

எட்டாம் வாரத்துக்குப் பிறகு

சதுரத்துக்குள் இரண்டு மூன்று பிளாடர், எப்போதாவது ஒரு ட்ரம்பெட். அதோடு விட்டுவிடலாம். கிராவலுக்குள் கிடக்கும் ட்ரம்பெட் கசடைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அடியில் கறுத்த அழுகல் திட்டு கட்டாது. அது மட்டுமல்ல, ஒரு எச்சரிக்கை மணியாகவும் பயன்படும். பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் ஜாதி. ட்ரம்பெட் செவுளால் தண்ணீரிலிருந்து சுவாசிப்பது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அதுதான் முதலில் தவிக்கும். பட்டப்பகலில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, ட்ரம்பெட் எல்லாம் வரிசையாகக் கண்ணாடியில் ஏறி நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றால், நத்தை மறுபடி பெருகிவிட்டது என்று எண்ண வேண்டாம். இரவு மின்சாரம் போய்த் திரும்ப வந்தபோது ஏர் பம்ப் ஓட ஆரம்பித்ததா என்று முதலில் கையை வைத்துப் பாருங்கள்.